இடது மூலைக்கு மூன்று சிப்பம்

விருந்துக்கு அழைத்த சம்பந்தியைப் பாரமாக வைத்துப் படகு ஓட்டலாமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஆனால் மனதுக்குள் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டிருந்தால், "அப்ப நீயே ஒரு வழி சொல்லு" என்பார் என் கணவர். என்னிடம் வழி இருக்காது. பயம்தான் இருக்கும். அது மட்டும் வகைவகையாக இருக்கும்.

நாங்கள் துடியலூரில் இருக்கிறோம். கணவருக்கு வெட் கிரைண்டர் பட்டறை. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், பவானிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறார். தோப்புக்குக் கீழே ஆற்றின் குறுக்கே ஒரு கதவணை இருப்பதால், அந்த இடத்தில் தண்ணீர் ஏரி மாதிரி அகலமாகத் தேங்கி நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூத்தார் கேரளாவிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை லாரியில் ஏற்றி வந்தார். அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, அதைத் தண்ணீரில் இறக்கினார். மீன் பிடிக்கப் போகிறார் என்று ஊரே நினைத்தது. அவர் மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்.

படகு வந்தது அலைச்சறுக்குக்காக. கடல் வேண்டியதில்லை, படகு போகும்போது அதன் பின்னால் எழும்புகிற அலைமேலேயே பலகையில் நின்று சறுக்கலாம். முதலில் படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். அலை நன்றாக இருந்தால், கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு, அலை தள்ளுகிற தள்ளலிலேயே படகோடு கூடவே வந்துகொண்டிருக்கலாம். இந்த விளையாட்டுக்கென்றே செய்த படகு என்பதால், மற்ற படகுகளில் பின்னால் துருத்திக்கொண்டு தண்ணீரைத் தள்ளும் விசிறி இதில் அடிவயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். மூத்தார் அதைச் சொன்னார். நான் நம்பினேன். இருந்தாலும் படகு கரையில் நின்றபோது குனிந்து பார்த்தேன். போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன்.

"ஏம் அம்மணி, எதாச்சும் கீழ உழுந்துபோச்சா?" என்றார் மூத்தார்.

"இல்லீங்க மாமா, சும்மா" என்றேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மூத்தாரின் மகளுக்குப் பதினான்கு. பெரியவள் போன வருடமே கயிற்றை விட்டுச் சறுக்கக் கற்றுவிட்டாள். ஒருமுறை வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடியே படகின் பின்னால் வந்தாள். தோலைக் குப்பையில் போடச் சொல்லிப் படகுக்குள் எறிந்தாள். என் மகள் இந்த வருடம் தொடங்கியவள். கயிற்றைப் பிடித்தால் நிற்பாள். விட்டால், கீழே இறங்குகிற எஸ்கலேட்டரில் நிற்கிற மாதிரி மெதுவாக, கௌரவமாக, கழுத்துவரை மூழ்குவாள். போட்டிருக்கும் மிதவைச் சட்டை அங்கே அவளைப் பிடித்து நிறுத்தும். உடனே படகிலிருந்து பெரியவள், "கயித்துல கட்டுன கன்னுக்குட்டி! ம்ம்மா!" என்று கத்துவாள். அக்கா தங்கையாய் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்த "ம்ம்மா"வை என் மகள் தூக்கத்தில்கூட மறக்கவில்லை.

குற்றம் அவளுடையது இல்லை. அலை சரியில்லை. படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்கிறதோ அவ்வளவு தண்ணீரை ஒதுக்கும். அப்படி ஒதுங்குகிற தண்ணீர்தான் அலை. எந்தப் பக்கம் சறுக்குகிறோமோ அந்தப் பக்கத்துப் பின்மூலையில் பாரம் ஏற்றிப் படகைச் சாய்க்க வேண்டும். மகள் இடது காலை முன்னால் வைக்கிறவள், அதனால் எங்களுக்கு இடது மூலை. மொத்தப் பாரத்தையும் பின்னாலேயே போட்டாலும் ஆகாது. படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு அலை குட்டையாக முறிந்துவிடும். முன்னாலும் கொஞ்சம் வேண்டும். இதையெல்லாம் நான் பொறியியல் படிக்கும்போது வேறு பெயரில் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் யாராவது கேட்டால், "அப்படித்தான்னு நினைக்கிறேன்" என்பதைத் தாண்டி எனக்கு வாய் வராது.

படகோடு வந்த பாரப் பைகள் போன வருடம் இருந்தன. தண்ணீர் நிரப்பினால் தலையணை மாதிரி உப்பும் பெரிய பைகள். மழைக்காலத்தில் அவற்றைச் சுருட்டித் தேங்காய்க் குடோனில் போட்டார்கள். எலிகள் தேங்காயை விட்டுவிட்டுப் பைகளைத் தின்றன. புதுப் பை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்குள், கதவணையில் பராமரிப்பு வேலை என்று தண்ணீரை வடித்துவிடப் போவதாகச் செய்தி வந்தது. வடித்தால் படகைக் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டியதுதான். அடுத்த வருடம்வரை என் மகள் கன்னுக்குட்டிதான்.

"எனக்கு மட்டும் ஏம்மா கெட்ட அலை?" என்று கேட்டாள்.

என் கணவரும் மூத்தாரும் களத்தில் இறங்கினார்கள்.

முதலில் டிராக்டர் டியூப். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தச் சிக்கலும் மோட்டார் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கை. மோட்டார் போட்டு டியூபுகளில் ஆற்றுத் தண்ணீரை ஏற்றினார்கள். அவை பளபளவென்று உப்பி இடது மூலையில் உட்கார்ந்தன. படகு கிளம்பியதும் எருமைக்கன்றுகள் போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தன. ஒன்றின் வால்வு பிடுங்கிக்கொண்டு மூத்தாரின் முதுகில் பீய்ச்சியது. அவர் படகை ஓட்டிக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. "மழையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது மாட்டுத் தீவனம். தவிட்டு மூட்டை, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூட்டை எல்லாம் அடுக்கினார்கள். உருளவில்லை, நகரவில்லை. ஆனால் பின்னாலிருந்து தெறித்த தண்ணீரையெல்லாம் குடித்தன. குடித்து வீங்கித் தையல் விட்டு, படகே மாடுகளுக்குத் தண்ணி காட்டும் குளுதாணி மாதிரி ஆகிவிட்டது. கணுக்காலளவு தவிட்டுக் கஞ்சியில் நின்றுகொண்டு கரைக்கு வந்தோம். தோப்பு மாடுகள் இரண்டும் தாமாகவே இறங்கி வந்து படகுக்குள் தலையை விட்டன. அந்தப் படகை மனதாரப் பாராட்டியவை இதுவரை அவை மட்டும்தான்.

மூன்றாவதாக என் கணவர் பட்டறையிலிருந்து கிரைண்டர் கல்லைக் கொண்டுவந்தார். உரலுக்குள் சுற்றுகிற உருளைக் கற்கள். அடியில் பவானி ஜமக்காளம் விரித்து, மேலே கற்களை அடுக்கி, பெருமையாக நின்றார். கருங்கல் தண்ணீர் குடிக்காது, வால்வு கிடையாது. அலை உண்மையாகவே எழும்பியது. மகள் எழுந்து நின்றாள். அப்போது மூத்தார் ஒரு திருப்பம் திருப்பினார்.

இருபது வருடமாக உருளுவதற்கென்றே கல் செய்கிற மனிதர், அது உருளும் என்பதை மறந்துபோனார்.

கற்கள் வரிசையாக இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போயின. படகு வலப்பக்கம் சாய்ந்தது. உடனே எல்லாம் திரும்பி வந்தன. நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று விசில் ஊதினேன். எப்போதும் என் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். ஆபத்து வந்தால் ஊத வேண்டும் என்று வாங்கினேன். ஊதினால் யார் வருவார்கள் என்று யோசிக்கவில்லை.

அன்று மாலை தோப்பில் உட்கார்ந்து கணவர் சொன்னார், "உருளாத பாரம்னா ஆளுகதான்."

"இருக்கற ஆளுக பத்தாதே" என்றார் மூத்தார்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சகோதரர்கள் இருவரும் வாயைத் திறக்காமல் கணக்குப் போடும்போது ஒரே மாதிரி வலது கண்ணைச் சுருக்குவார்கள்.

"உங்க மாமனாரு…" என்றார் கணவர்.

"மாமியாரும் கூட வருவாங்க" என்றார் மூத்தார், பயபக்தியோடு.

மூத்தாரின் மாமனாரும் மாமியாரும் கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர்கள். மூத்தாரின் மனைவியை நான் அக்கா என்பேன், அதனால் அவர்கள் எனக்குப் பெரியப்பா, பெரியம்மா. பெரியப்பா வந்து உட்கார்ந்தால் நாற்காலி முதலில் வணக்கம் சொல்லும். பெரியம்மா அவருக்கு இணை.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னாகும்?" என்று கேட்டேன். அவளைப் பெற்றவர்களை எடைக்காக வரவழைக்கிறோம் என்று தெரிந்தால் அக்கா எங்கள் யாருக்கும் சோறு போடமாட்டாள்.

"அதனால சொல்லக்கூடாது" என்றார் கணவர். "ஒரம்பரையா, விருந்தாளியா வராங்க. சாப்புடறாங்க. போட்டுல ஒரு ரவுண்டு போறாங்க. இதுல என்ன தப்பு?"

தப்பு எங்கே என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு வாரம் தேடினேன்.

தண்ணீர் வடிப்பதற்கு முந்தைய கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஒரு வாழைத்தாரையும் தூக்கி வந்தார்கள். அக்கா இட்லியும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்திருந்தாள். அண்ணனும் தம்பியும் பரிமாறுவதைப் பார்த்து அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து மூத்தார் கரண்டியைத் தொட்டதில்லை.

"இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கோங்க மாமா."

"போதுமுங்க மாப்ள."

"ஒண்ணாச்சும்."

பெரியம்மா பெரியப்பாவின் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். "டாக்டரு எளைக்கச் சொல்லிருக்கறாருங்க. பாதி வவுறுதான்." என் கணவர் அதைப் பார்த்து நிம்மதியடைந்தார். யார் வயிற்றுக்குள் போனாலும் இட்லி படகில்தானே ஏறப்போகிறது.

எனக்கோ, சாப்பிட்டவுடன் படகில் ஏறினால் குமட்டுமே என்று கவலை. சாப்பிடாமல் ஏறினால் மயக்கம் வருமே என்று அடுத்த கவலை. படகில் ஏற்றக்கூடிய மொத்த எடை அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதைத் தாண்டிவிடக்கூடாது என்பதற்காக இவர்கள் எடை எனக்குத் தெரிய வேண்டும். விருந்தாளியிடம் எப்படிக் கேட்பது?

கணவர்தான் வழி கண்டுபிடித்தார். "ஏனுங்க மாமா, போன வருசம் கோயில்ல துலாபாரம் குடுத்தீங்களே, வெல்லம் எத்தன ஆச்சுங்க?"

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "மூணு சிப்பம் வெச்சும் தட்டு எறங்குலீங்க மாப்ள. அப்பொறம் மேல அள்ளி அள்ளிப் போட்டாங்க."

ஒரு சிப்பம் முப்பது கிலோ. நான் சட்னி ஊற்றியபடியே கணக்குப் போட்டேன்.

"அத்தைக்குங்க?"

"நானு வாழப்பழங் குடுத்தனுங்க" என்றார் பெரியம்மா. "பழத்த யாரு எண்ணறாங்க?"

சமையலறையில் போய் நின்று, பெரியம்மாவுக்கும் மூன்று சிப்பம் என்றே வைத்து, எல்லோரையும் கூட்டிப் பார்த்தேன். எழுதியிருந்த எடைக்குள் அடங்கியது. விரலை மடக்கி இன்னொருமுறை கூட்டினேன். அப்போதும் அடங்கியது. என் கைப்பையைக் கூட்ட மறந்துவிட்டேனே என்று மூன்றாவது தடவை கூட்டினேன். வாந்திக்கு மாத்திரை, காயத்துக்கு மருந்து, மாற்றுத்துணி, டார்ச் எல்லாம் அதில் இருந்தன. பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று கணவர் கேட்டார். அப்போது பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அக்கா மதியச் சமையலுக்குத் தங்கிவிட்டாள். மற்றவர்கள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு படகுக்குப் போனோம். பெரியப்பாவுக்கு மிதவையின் பட்டை முன்னால் எட்டவில்லை. மூத்தார் முன்யோசனையாகப் பெரிய அளவில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். மாமனாரை இவர் எவ்வளவு நாளாக மனதில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரியப்பா படகில் ஏறினார். படகு ஒருமுறை பெருமூச்சு விட்டது. நேராக முன்னால் போய், மூக்கிலிருந்த மெத்தை இருக்கையில் அமர்ந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணத்தில் முன்வரிசை, காரில் முன்சீட்டு, எங்கே போனாலும் அவரை முன்னால்தான் உட்கார வைப்பார்கள். பெண் கொடுத்த சம்பந்தியைப் பின்மூலையில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் உட்காருங்கள் என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்?

"பின்னாடி காத்து நல்லா வருமுங்க மாமா" என்றார் கணவர்.

"இங்கயே ஜிலுஜிலுங்குதுங்களே."

"பின்னாடி நெழலுங்க."

"வெயிலு ஒடம்புக்கு நல்லதுங்க மாப்ள."

பெரியம்மா பின்பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஆனால் வலது பக்கம். நான் எங்குமே உட்காரவில்லை. மூத்தார் நின்று ஓட்டும்போது நான் எப்படி உட்காருவது? இத்தனை வருடங்களில் அவர் எதிரில் நான் நாற்காலியில் சாய்ந்தது கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு படகின் நட்டநடுவில் நின்றேன். பாரத்தை எந்தப் பக்கமும் சாய்க்காத, ஒன்றுக்கும் உதவாத இடம் அது.

மகள் பலகையோடு தண்ணீரில் குதித்தாள். படகு அவளை இழுத்தது. எழுந்து நின்றாள். பின்னால் அலை என்று ஒன்று வந்தது, ஒரு தம்ளர் தண்ணீரை ஊதினால் வருகிற மாதிரி. கயிற்றை விட்டாள். மெதுவாக, கௌரவமாக, கழுத்துவரை போனாள்.

"ம்ம்மா!" என்றாள் பெரியவள்.

படகைத் திருப்பி மகளிடம் கயிற்றைக் கொடுத்தோம். கணவர் பெரியவளை இழுத்துக்கொண்டு இடது மூலையில் போய் நெருக்கி உட்கார்ந்தார். கண்ஜாடை காட்டியதால் நானும் போய் விளிம்பில் பட்டும்படாமலும் உட்கார்ந்தேன். படகு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. உடனே பெரியம்மா வலது கோடிக்கு நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தார்.

"அக்கட்டால சாயுதுங்க. பயப்படாதீங்க, நானு இக்கட்டால சமம் பண்ணிப்போட்டேன்."

"ரொம்ப நன்றிங்க அத்தை" என்றார் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுபடியும் மகள் எழுந்தாள், விட்டாள், மூழ்கினாள். "ம்ம்மா"வும் வந்தது. இந்தமுறை அவள் கயிற்றை வாங்கவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு சிவந்த முகம் மட்டும் தெரிந்தது.

"அப்புச்சி!" என்று கத்தினாள். பெரியவளுடைய அம்மாவின் அப்பா என்றால் அவளுக்கும் அப்புச்சிதான். "உங்களக் கூப்புட்டதே வெயிட்டுக்குத்தான்! நீங்க போயி முன்னாடி உக்காந்தா அலை எப்படி வரும்?"

படகு சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தது. மூத்தார் பெட்ரோல் முள்ளை உற்றுப் பார்த்தார். என் கணவர் கொக்கு ஒன்றைப் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விசில் ஊதிவிட்டேன்.

பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். "வெயிட்டுக்குங்களா?"

"அது வந்துங்க மாமா…"

"நெசத்தச் சொல்லுங்க மாப்ள. என்னைய ஒரம்பரையாக் கூப்புட்டீங்களா, வெயிட்டுக்குக் கூப்புட்டீங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க" என்றார் மூத்தார், தரையைப் பார்த்து.

"அப்ப அந்த துலாபாரம் கேட்டது?"

நான் மனதுக்குள் கோபிக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்பதற்கு என்ன பழம் வாங்குவது என்று யோசித்தேன். வாழைப்பழம் முடியாது.

பெரியப்பா எழுந்தார். "போற எடமெல்லாம் எளைங்க எளைங்கன்னு உசுர வாங்கறாங்க. என்ற ஊட்டுக்காரி தட்டுல வெச்ச இட்லியப் புடுங்கறா. இத்தன வருசத்துல இந்த ஒடம்பு ஒரு சோலிக்கு ஆகும்னு ஒருத்தரு சொல்லிருக்கறாங்களா? மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க மாப்ள? நேத்தே வந்துருப்பனல்லொ!"

அவர் பின்னால் நடந்து வரவர படகின் மூக்கு மரியாதையாக எழுந்தது. இடது மூலையில் உட்கார்ந்தார். படகு உட்கார்ந்தது.

"ஏனுங், நீங்களும் இக்கட்டால வாங்க" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்கு அத்தன வெயிட்டு இல்லீங்க."

"கம்முனு வாங்க. புள்ளைக்காக."

பெரியம்மா வந்தார். இடம் இல்லாததால் என் கணவர் பாதி விளிம்பிலும் பாதி பெரியப்பாவின் மேலுமாக இருந்தார். நான் பெரியம்மாவுக்கும் படகின் ஓரத்துக்கும் நடுவில் செருகப்பட்டேன். சம்பந்திகளோடு ஒரே பாயில்கூட உட்கார்ந்திராதவள் நான். என் இடது தோள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெரியவளும் எங்கள் மடியில் விழுந்து கிடந்தாள். மூத்தார் விசையைக் கூட்டினார்.

மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்னால் அலை எழுந்தது, ஆனால் எழுந்த இடத்திலேயே உடைந்தது.

"முன்னாடி கொஞ்சம் பாரம் வேணும்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்படித்தான்னு நினைக்கிறேன்."

"அம்மணி சொல்றது சரி" என்றார் பெரியப்பா. பேத்தியை எங்கள் மடியிலிருந்து கிளப்பினார். "நீ முன்னாடி போயி உக்காரு கண்ணு. அசையக்கூடாது."

"நானா? நான் எப்படிப் பாக்கறது?"

"பாரம் பாக்குமா? போ."

அவள் போய் மூக்கில் உட்கார்ந்தாள். அதோடு அலை வந்தது. தோசைத் திருப்பி ஓரத்தைத் தூக்கியதும் தோசை கல்லைவிட்டு எழும்புமே, அப்படி இடது பக்கத்துத் தண்ணீர் வழவழவென்று மடிந்து எழுந்து, உடையாமல் எங்கள் பின்னாலேயே வந்தது. மகள் கயிற்றோடு எழுந்து அதன்மேல் ஏறினாள். அவள் கையிலிருந்த கயிறு தொய்ந்தது. கயிறு தொய்ந்தால் அலையே தள்ளுகிறது என்று அர்த்தம். விட்டுவிடலாம் என்று அர்த்தம்.

அதைப் பார்த்ததும் நான் எழுந்து, "மெதுவா! மெதுவாங்க மாமா!" என்று மூத்தாரிடம் ஓடினேன். அவர் பாவம், பயந்து விசையைக் குறைத்தார். அலை செத்தது. மகள் மூழ்கினாள்.

"ஒண்ணுமில்ல, கயிறு தொளதொளன்னு ஆச்சு, அதான்…" என்றேன்.

மறுபடியும் இழுத்தோம். மறுபடியும் கயிறு தொய்ந்தது. மறுபடியும் எழுந்து ஓடினேன். எழக்கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருந்தேன். கால்கள் அந்த முடிவைக் கேட்கவில்லை.

"அம்மா!" என்று தண்ணீரிலிருந்து மகள் கூப்பிட்டாள். வீட்டுப்பாடம் எழுதாதபோது நான் அவளைக் கூப்பிடுகிற அதே குரல். "நீ எந்திரிச்சா என் அலை போயிருதும்மா!"

நான் என்ன அவ்வளவு கனமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இந்த அலை வர வேண்டுமென்று டியூப், தவிடு, கல், சம்பந்தி என்று இவ்வளவும் ஏற்றிய பிறகு, அது வந்ததும் நிறுத்தச் சொல்கிறவள் நான்தான் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

"பெட்ரோலு இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும்" என்றார் மூத்தார். "அப்பொறம் கரைக்குப் போயிரோணும்."

நான் வந்து என் இடத்தில் செருகிக்கொண்டேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு லேசாக எழுந்து, என் துப்பட்டாவின் இரண்டு முனையையும் இழுத்துத் தன் அடியில் விட்டு, அதன்மேல் நிதானமாக உட்கார்ந்தார்.

"இப்ப எந்திரிங்க பாக்கலாம் அம்மணி."

முயற்சி செய்தேன். கழுத்துதான் வலித்தது. அவருக்கு மூன்று சிப்பம் என்று நான் வைத்த கணக்கு குறைச்சல் என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது.

படகு கிளம்பியது. மகள் எழுந்தாள். அலை எழுந்தது. கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டால், ஒரு பாம்பு நீந்தி வந்தால், மிதவையின் பட்டை அறுந்தால் என்று எனக்கு வந்த பயம் எல்லாவற்றையும் பெரியம்மா துப்பட்டாவோடு சேர்த்து அடியில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். கயிறு தொய்ந்தது. விசிலை வாயில் வைத்தேன். பெரியம்மா அதையும் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

மகள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காலடியில் தண்ணீரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கயிற்றைத் தலைக்கு மேலே ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினாள். அது படகுக்குள் வந்து பெரியப்பாவின் நெற்றியில் அடித்து மடியில் விழுந்தது.

அவள் விழவில்லை.

கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, முட்டியை மடக்கிக்கொண்டு, எங்களுக்கு எட்டுகிற தூரத்தில், எதையும் பிடிக்காமல் வந்துகொண்டிருந்தாள். பெரியம்மா வாயிலிருந்த விசிலை மறந்து சிரித்துவிட்டார், அது பீ பீ என்று ஊதியது. கணவர் "அப்படியே! அப்படியே!" என்று பெரியப்பாவின் தொடையில் தட்டினார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அழுதேன் என்கிறார் கணவர். தண்ணீர் தெறித்தது என்கிறேன் நான்.

"என்னாச்சு? உட்டுட்டாளா? என்னாச்சு?" என்று முன்னாலிருந்து பெரியவள் கழுத்தைத் திருப்பினாள்.

"அசையாதே!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். நானும் கத்தினேன்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் ஒத்துவரவில்லை. பெரியப்பா அக்கரைவரை வந்தாள் என்கிறார். படகு அக்கரைக்கே போகவில்லை. எப்படியோ கடைசியில் அவளாகவே பலகையிலிருந்து குதித்து, தலையைத் தூக்கி, கன்றுக்குட்டி போலவே "ம்ம்மா!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமான கன்றுக்குட்டியை நான் பார்த்ததில்லை.

"நான் பாக்கவே இல்ல. நான் எப்படி நம்பறது?" என்றாள் பெரியவள்.

பெரியப்பா கயிற்றை உயர்த்திக் காட்டினார். நெற்றியில் சிவந்திருந்த இடத்தையும் காட்டினார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

வீட்டுக்குப் போனபோது அக்கா இலை போட்டுக்கொண்டிருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்பா, அம்மா, கொழுந்தன், நான். எல்லோருக்கும் இடது பக்கம் சொட்டச் சொட்ட ஈரம், வலது பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி உலர்ந்திருந்தது.

"ஏன் எல்லாரும் ஒரே பக்கமா நனைஞ்சிருக்கறீங்க?"

நாங்கள் இலைமுன் உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம். இலையில் சோறு விழுந்ததும் பெரியப்பாதான் விஷயத்தை உடைத்தார். "எல்லாம் உன்ற புருசனும் கொழுந்தனும் பண்ணுன வேலை கண்ணு. எங்கள வெயிட்டுக்குக் கூட்டியாந்துருக்கறாங்க. புள்ள கயித்த உட்டுட்டா!" ஊர்த் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாதிரி சொன்னார்.

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நான் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் முகம் சிவந்தது.

"இத்தன நாளா அந்த தவுட்டையும் கல்லையும் தூக்கித் தூக்கிப் போட்டீங்க. கோபியிலிருந்து ஆளக் கூட்டியாந்தீங்க" என்றாள் மூத்தாரிடம். "இந்த ஊட்டுலயே நானு ஒருத்தி இருக்கறனே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நானு மட்டும் என்ன எளச்சா போயிட்டேன்?"

பெரியம்மா பெரியப்பாவின் இலையில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். என் மகள் வாய் நிறையச் சோற்றோடு அக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சகோதரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் அக்காவைப் பார்த்தார்கள். இரண்டு பேரின் வலது கண்ணும் மெல்லச் சுருங்கியது.